மதியச் சாப்பாட்டுக்குப் போன பிள்ளைகள்

எங்கள் சிற்றேந்தலுக்கு மேற்கே இருக்கிற பள்ளிமேட்டில் அகழாய்வுக்காரர்கள் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகக் குழி எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பங்குனியில், கழனியில் வேலை இல்லாததால் கூலிக்குப் போன தணிகாசலம், ஆள் உயரத்துக்கும் கீழே ஒரு செங்கல் தளம் தட்டுப்பட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரண்டியை எடுத்து, பிறகு கரண்டியையும் போட்டுவிட்டுப் பிரஷ்ஷை எடுத்து, மெல்ல மெல்ல மண்ணைத் தள்ளிக்கொண்டே போனபோது முதலில் ஒரு முழங்கால் தெரிந்தது, அப்புறம் வெள்ளைச் சேலை தெரிந்தது, அப்புறம் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி ஒரு மொட்டைத் தலை தெரிந்தது, கடைசியில் தளத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி தன் இமையில் இருந்த மண்ணைத் தானே தட்டிவிட்டுக்கொண்டு, "மதியச் சாப்பாட்டுக்குப் போன பிள்ளைகள் திரும்பிவிட்டார்களா?" என்று கேட்டார்.

"இன்னும் வரலம்மா" என்றான் தணிகாசலம். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது அவனுக்கு வளர்ப்பிலேயே வந்தது.

அதிகாரி குணசீலன் ஓடி வந்து, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அளவுக்கோலை அந்தம்மாவின் முழங்காலை ஒட்டி வைத்துப் படம் எடுத்தார். எந்த மண்ணடுக்கில் இருக்கிறார் என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகுதான் வணக்கம் சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இங்கே சமணர்களின் பள்ளி ஒன்று இருந்தது, பெண்கள் படிக்கிற பள்ளி, பெண்களே பாடம் சொல்லிக் கொடுத்த பள்ளி, அந்த ஆசிரியைகளைக் குரத்தியார் என்பார்கள், இவர் அவர்களில் ஒருவர் என்று அவர் குழியின் விளிம்பில் நின்ற எங்களுக்கு விளக்கினார். நாங்கள் அன்று சாயங்காலத்திலிருந்தே அவரை டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். இதெல்லாம் கட்டுக்கதை என்று பக்கத்து ஊர்ப் பெரியேந்தல்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் மேட்டில் இப்படி ஒருத்தர் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

டீச்சரம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. வெயிலுக்குப் பந்தல் போட்டுத் தருகிறோம், பஞ்சாயத்து ஆபீசில் மின்விசிறி இருக்கிறது, வாருங்கள் என்று தலைவர் நேரில் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். பிள்ளைகள் திரும்பாமல் எழ மாட்டேன் என்று சொல்லிவிட்டு குழி விளிம்புக்கு மேலே மேற்கே உயர்ந்து தெரிகிற கூகைப்பாறையைப் பார்த்தார். அவர் எப்போதும் அந்தப் பாறையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சரி, குழியிலேயே பந்தல் போட்டோம். சும்மா இருப்பானேன் என்று அவர் தளத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் போட்டார், அதைப் பார்த்த ஆட்டுக்காரப் பெண்கள் இறங்கிப் போய் உட்கார்ந்தார்கள், அவர்களைத் தேடிப் போன தாய்மார்கள் உட்கார்ந்தார்கள், அவர்களுக்குச் சோறு கொண்டுபோன ஆம்பிளைகள் ஓரமாகக் குந்தினார்கள், இப்படியாக ஆடிக்குள் எங்கள் ஊரே காலையில் பள்ளிமேட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுந்து வருகிற ஊராகிவிட்டது. அவருடைய பேச்சு முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிற மாதிரி இருந்தது, பிறகு பழகிவிட்டது. வானத்தில் எது எங்கே உதிக்கும், எந்த மருந்துக்கு எந்த வேர், பாட்டில் எங்கே மூச்சு விட வேண்டும், எறும்பை மிதிக்காமல் எப்படி நடப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்.

ஊர் மாறிப்போயிற்று. டீச்சரம்மா பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார் என்பதால் நாங்களும் விளக்கு வைக்கும் முன்னே சாப்பிட்டு முடித்தோம், பரோட்டாக்கடை முத்து மதியமே கல்லைக் காயவைக்கப் பழகினான். மண்ணுக்குக் கீழே விளைகிற எதையும் அவர் தொட மாட்டார் என்பதால் வெங்காய வண்டிக்காரர் எங்கள் ஊருக்குள் திரும்பாமல் நேராகப் பெரியேந்தலுக்குப் போனார். அரசுப் பள்ளியில் பிள்ளைகள் வட்டவட்டமாகப் பழைய எழுத்தில் பரீட்சை எழுதி வைத்தார்கள், வாத்தியார் திருத்த முடியாமல் அவரும் குழிக்கு வந்து உட்கார்ந்தார். அதைவிட, படித்தவர்கள் எல்லோருக்கும் தலை இடது பக்கம் சாய்ந்துவிட்டது. டீச்சரம்மாவின் கழுத்து பிறவியிலேயே அப்படி, ஆனால் அவரைப் பார்த்துப் பார்த்துச் சின்னதிலிருந்து பெரிசு வரை எல்லோரும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தோம். சந்தையில் சாய்ந்த கழுத்தைப் பார்த்தாலே, சிற்றேந்தலா என்று கேட்டார்கள். பெரியேந்தல்காரர்கள் மட்டும், அந்தம்மா ஏதோ நாடகக் கம்பெனியை விட்டு ஓடி வந்த பொம்பளை என்று சொல்லிவிட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தங்கள் மேட்டை ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள். ஒரு துருப்பிடித்த சைக்கிள் கிடைத்தது. அதைக் கழுவி மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். நாங்கள் என்னதான் விழுந்து விழுந்து படித்தாலும், பாடம் ஒப்பித்து முடித்ததும் டீச்சரம்மா நன்று என்பார், உடனே கூகைப்பாறையைப் பார்ப்பார், "அவர்கள் இருந்தால் இதை இன்னும் விரைவில் சொல்லியிருப்பார்கள்" என்பார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன பிள்ளைகள் மேல் ஒரு ஊருக்கே பொறாமை வந்தது என்றால் அது எங்கள் ஊருக்குத்தான். அதுகள் என்ன அப்படிப் பெரிய அறிவாளிகள், சாப்பிடப் போனால் திரும்பி வரத் தெரியாததுகள் என்று பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

இதெல்லாம் ஊர்ப் பொறாமை, வந்தது போகும். பூங்காவனத்தின் பொறாமை அப்படி அல்ல.

பூங்காவனம் தணிகாசலத்தின் பெண்சாதி. ஒரே பையன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். தணிகாசலம் அதிகம் பேசாதவன். சாப்பிட்டாயா என்றால் உம், படுக்கலையா என்றால் உம். கல்யாணமான நாளிலிருந்து அந்த உம்மைக் கேட்டுக்கேட்டு அவள் அலுத்துப்போயிருந்தபோதுதான் அகழாய்வு வேலை வந்தது. வேலை முடிந்து வந்து, கிணற்றடிக் கல்லில் நின்று அவன் காலைக் கழுவும்போது அவள் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "இன்னிக்கி இன்னா வந்துச்சி?" என்று கேட்பாள். அவன் சொல்வான். நீலமணி ஒன்று வந்தது என்பான், கெண்டியின் மூக்கு வந்தது என்பான், பல் உடைந்த தந்தச் சீப்பு வந்தது என்பான். அதிகாரி ஊருக்குச் சொல்வதற்கு முன்னால், பேப்பரில் வருவதற்கு முன்னால், மண்ணுக்குள்ளிருந்து வந்தது எதுவானாலும் முதலில் கேட்கிறவள் பூங்காவனம்தான். கேட்டுவிட்டு அது யாருடையது என்று அவள் சொல்வாள்.

"அந்தச் சீப்பு மாமியாகாரியோடதுய்யா. மருமவ தலை வாரிக்கினா பல்லு உடைஞ்சிருக்கும். கிழவி ஒரு மாசம் பேசியிருக்க மாட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு சீப்ப வெச்சிக்கினு வேற இன்னா சண்ட வரும்?"

அவன் சிரிப்பான். வாய்விட்டுச் சிரிப்பான். கால் கழுவி முடித்த பிறகும் அந்தக் கல்லிலேயே நின்று இருவரும் பேசிக்கொண்டிருப்பதை நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் கழித்துப் புருஷன் பேச ஆரம்பித்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் சந்தோஷம் இருக்காது.

டீச்சரம்மா வந்த அன்று சாயங்காலமும் அவள் சொம்போடு நின்றாள். "இன்னிக்கி இன்னா வந்துச்சி?" என்றாள். அவன் காலைக் கூடச் சரியாகக் கழுவாமல், "அத்த எப்படிச் சொல்றது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அதோடு நின்றது பேச்சு. மறுநாளிலிருந்து அவன் குழியிலேயே கிடந்தான், இருட்டும் முன் வந்தான், தலையைச் சாய்த்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு எதையோ முணுமுணுத்தான். அவள் கேட்டால் உம் கூட வரவில்லை. இருபத்தைந்து வருஷம் தன்னிடம் உம் கொட்டியவன் யாரோ ஒருத்தி பேசுவதை விடிந்ததிலிருந்து பொழுது போகும் வரை காது கொடுத்துக் கேட்கிறான் என்பதைப் பூங்காவனத்தால் தாங்க முடியவில்லை. வேறு விதமாக அவள் சந்தேகப்படவில்லை. அப்படி இருந்தால் முடியைப் பிடித்துச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள், அதற்கு டீச்சரம்மாவுக்கு முடியும் இல்லை.

இது போதாதென்று பஞ்சாயத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். கண்டெடுத்தவன் வீட்டிலிருந்துதான் டீச்சரம்மாவுக்குச் சாப்பாடு போக வேண்டும், அதுதான் முறை, அது அந்த வீட்டுக்கு ஊர் கொடுக்கிற மரியாதை என்றார்கள். மற்ற பெண்கள் எல்லோரும் பூங்காவனத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அவள் தினமும் காலையில் வெங்காயம் பூண்டு உருளைக்கிழங்கு எதுவும் இல்லாமல் கத்தரிக்காயும் அவரைக்காயும் ஆக்கித் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தாள், அதைத் தணிகாசலம் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனான். அவளுக்குத் தெரிந்து அவன் எதையும் இரண்டு கையால் ஏந்தியதில்லை, கைக்குழந்தையாக இருந்த தன் மகனைக் கூட.

ஒருநாள் அவள் பருப்பில் ஒரு பல் பூண்டை நசுக்கிப் போட்டுக் கடைந்துவிட்டாள். தெரிந்துதான் போட்டாள். டீச்சரம்மா உள்ளங்கையில் வாங்கிய சோற்றை முகத்தருகே கொண்டுபோனார், மெதுவாகக் கீழே வைத்தார், கையைக் கழுவினார், பாடத்தைத் தொடர்ந்தார். அன்று முழுக்க அவர் பட்டினி. அதைப் பார்த்துத் தணிகாசலமும் பட்டினி. வீட்டுக்கு வந்தவன் அவளைத் திட்டியிருந்தால் கூட அவளுக்கு ஆறியிருக்கும். அவன் திட்டவில்லை, தூக்குவாளியைத் தானே தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அன்று பூங்காவனத்துக்கு வயிறு எரிந்தது போல எங்கள் ஊரில் யாருக்கும் எரிந்ததில்லை. அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள், பிறகு அழுததற்காகவும் அந்தம்மா மேலேயே கோபப்பட்டாள்.

மறுநாள் உச்சி வேளையில், குழியில் இருந்தவர்கள் எல்லாம் சாப்பிடப் போன நேரம் பார்த்து, வீட்டுக்கு வந்த தணிகாசலத்துக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிமேட்டுக்குப் போனாள். அதுவரை அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. குழியில் இறங்குவதற்கு மண்ணிலேயே வெட்டியிருந்த படிகளில் தடதடவென்று இறங்கினாள். டீச்சரம்மா தனியாக உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கூகைப்பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூண்டு போட்டது நான்தான்" என்றாள் பூங்காவனம். "வேணும்னுதான் போட்டேன். இன்னா செய்யப் போற?"

டீச்சரம்மா திரும்பினார்.

"ஊரெல்லாம் உங்காலடியில கீது. போதாதா உனக்கு? எம்புருசன் ஒருத்தன விட்டா உம்பள்ளிக்கூடம் இடிஞ்சி பூடுமா? ஆயிரம் வருசம் மண்ணுக்குள்ள இருந்தவ, இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போறதுதானே?"

டீச்சரம்மா அவளுடைய முகத்தையே பார்த்தார். ஊரில் யாரையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. வெகுநாள் கழித்து உறவுக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"உட்கார்" என்றார். "இந்த முகம் எனக்குத் தெரியும். தண்ணீர் எடுக்கக் குனியும்போதெல்லாம் குடத்தில் என் முகமாக இதைத்தான் பார்த்தேன்."

பூங்காவனம் உட்காரவில்லை, ஆனால் போகவும் இல்லை. டீச்சரம்மா சொன்னார். மாசாத்தி என்று ஒருத்தி. இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே குருவிடம் படித்தவர்கள், ஒரே நாளில் துறவு ஏற்றவர்கள், ஒரே கலத்தில் கஞ்சி குடித்தவர்கள். அதன்பிறகு இவர் இந்த மேட்டில் பள்ளி வைத்தார், மாசாத்தி அந்தப் பாறைக் குகையில் பள்ளி வைத்தாள். மாசாத்திக்கு இவர் அளவுக்குப் பாடம் வராது, ஆனால் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் கொடுப்பாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் போன பிள்ளைகள் திரும்பவில்லை. பாறையில் அவர்கள் சேர்ந்து பாடம் சொல்லுகிற சத்தம் இங்கே கேட்டது. இவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். அவர்கள் திரும்பி வரும்வரை எழுவதில்லை என்று உட்கார்ந்தார். சாயங்காலம் அங்கே விளக்கு எரிந்தது, மறுநாளும் எரிந்தது, அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் மழை வந்ததும் சுவர் விழுந்ததும் மண் மூடியதும் தெரியவில்லை.

"நான் தவம் செய்து கெடாமல் இருந்தேன் என்று உன் ஊரார் சொல்கிறார்கள்" என்றார் டீச்சரம்மா. "தவம் இல்லை, பெண்ணே. முடியை விட்டேன், உறவை விட்டேன், உப்பையும் புளியையும் விட்டேன். இந்த வயிற்றெரிச்சலை மட்டும் விடவில்லை. இது உள்ளே இருந்தால் உடம்பு மட்காது. மண்ணும் தின்னாது."

இதைக் கேட்டதும் பூங்காவனம் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. கூகைப்பாறைக் குகை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் ஆடு ஓட்டிக்கொண்டு போய் மழைக்கு ஒதுங்குகிற இடம் அதுதான். அந்த மாசாத்தியின் பள்ளி எவ்வளவு பெரிசு என்று இவள் கண்ணால் பார்க்கட்டும், பார்த்து வயிறு வெந்து சாகட்டும் என்று நினைத்தாள். கெட்ட எண்ணம்தான். நாங்கள் மூடி மறைக்கப் போவதில்லை, அவளும் மறைக்கவில்லை.

"வா, நான் காட்டறேன் உங்க மாசாத்தி பள்ளிக்கூடத்த" என்று கையை நீட்டினாள்.

ஊர்த் தலைவரும் அதிகாரியும் கூப்பிட்டு எழாதவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த செங்கல் தளம் தேய்ந்து ஒரு சின்னப் பள்ளமாக இருந்தது. இருவரும் வெயிலில் நடந்தார்கள். டீச்சரம்மா ஒவ்வொரு எறும்புச் சாரைக்கும் நின்று, விலகி, சுற்றிப் போனார். இந்த நடை நடந்தால் என்றைக்குப் போய்ச் சேருவது என்று பூங்காவனம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று நின்று போனாள். சாப்பாட்டு வேளை என்பதால் வழியில் ஊர்க்காரர்கள் ஒருவரும் எதிர்ப்படவில்லை.

குகைக்குள் குளிர்ச்சியாக இருந்தது. தரையெல்லாம் கல்லில் வெட்டிய படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் தலைமாட்டில் கல்லிலேயே ஒரு மேடு, பிள்ளைகள் படுத்துப் படுத்து எல்லாம் வழவழவென்று தேய்ந்து கிடந்தன. டீச்சரம்மா அவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவதைப் பூங்காவனம் பார்த்தாள், நன்றாகப் பட்டுக்கொள் என்று மனசுக்குள் சொன்னாள். உள்ளே சுவரை ஒட்டி இரண்டு பெரிய படுக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று ஆள் படுத்த அச்சு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. மற்றதில் உளி பட்ட தழும்புகள் நேற்று வெட்டியது போல அப்படியே இருந்தன.

"இதுல மட்டும் படுக்க முடியாது" என்றாள் பூங்காவனம். "முதுகெல்லாம் குத்தும். தலைமாடும் கோணல். சின்னப் புள்ளையில படுத்துப் பாத்து, எந்தக் கூறுகெட்டவ வெட்டினான்னு திட்டியிருக்கேன்."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கல் தலையணை வலது பக்கம் உயர்ந்து இடது பக்கம் தாழ்ந்து சரிவாக வெட்டப்பட்டிருந்தது. பிறவியிலேயே கழுத்து இடது பக்கம் சாய்ந்த ஒருத்தி மல்லாந்து படுத்தால் வலிக்காமல் இருக்க எப்படி வெட்ட வேண்டுமோ அப்படி வெட்டியிருந்தது.

டீச்சரம்மா அதன் பக்கத்தில் மண்டியிட்டு அந்தச் சரிவைக் கையால் தடவினார். எவ்வளவு நேரம் தடவினாரோ. பிறகு தேய்ந்திருந்த மற்றப் படுக்கையைத் தடவினார்.

"எனக்கு இடம் வைத்திருக்கிறாள்" என்றார். "யாரையும் படுக்க விடவில்லை. கழுத்து வலிக்குமே என்று பார்த்திருக்கிறாள். நான் விளக்கை மட்டும்தான் பார்த்தேன். அது என்னைக் கூப்பிட ஏற்றி வைத்தது என்று எனக்குத் தெரியவில்லை."

"ஒரு நடை வந்து பாத்திருக்கலாமே" என்றாள் பூங்காவனம். அவள் குரலில் இருந்த சண்டை போய்விட்டிருந்தது.

"வந்திருக்கலாம்" என்றார் டீச்சரம்மா. "பக்கத்தில்தானே இருக்கிறது."

அவர் அந்தக் கரடான கல்லில் படுத்துக்கொண்டார். தலை அந்தச் சரிவில் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. தேய்ந்த படுக்கையைப் பார்த்து ஏதோ சிரிக்கச் சிரிக்கச் சொன்னார், அது பழைய பேச்சு, பூங்காவனத்துக்குப் பாதிதான் விளங்கியது. பிறகு கண்ணை மூடினார். ஆயிரம் வருஷம் மண் தின்னாத உடம்பு பூங்காவனம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொடிப்பொடியாகிச் செம்மண்ணாகிக் கல்லின் மேல் பரவியது. குகை வாயில் வழியே வந்த காற்று அதையும் மெல்லக் கூட்டிக்கொண்டு போனது. கீழே இருந்த படுக்கை மற்றதைப் போலவே வழவழவென்று தேய்ந்திருந்தது.

அவள் ஊருக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னாள். ஊர் அவளைத் தூற்றியது. டீச்சரம்மா போனதற்காகத் தூற்றியதா, தாங்கள் எல்லோரும் கூப்பிட்டு எழாதவர் இவள் கையைப் பிடித்து எழுந்ததற்காகத் தூற்றியதா என்று கேட்டால் எங்களுக்கே சொல்லத் தெரியாது. பெரியேந்தலில் அன்று வெடி வெடித்தார்கள். அதிகாரி குணசீலன் குழியில் காலியாக இருந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் அளவுக்கோலை வைத்து இன்னொரு படம் எடுத்துவிட்டு, வெகுநேரம் அங்கேயே நின்றார்.

தணிகாசலம் மட்டும் தூற்றவில்லை. குழியில் இறங்கினான், டீச்சரம்மா உட்கார்ந்திருந்த பள்ளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான், தலையைச் சாய்த்துக் கூகைப்பாறையைப் பார்த்தான். அங்கேயே இருந்தான். கூப்பிட்டாலும் வரவில்லை. ஊர் மெல்லப் பழையபடி ஆனது, வெங்காய வண்டி திரும்பி வந்தது, கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஆவணி பிறந்து அகழாய்வு முடியும் காலமும் வந்தது. முடிந்தால் குழிகளில் தார்ப்பாயை விரித்துத் திரும்ப மண் போட்டு மூடிவிடுவார்கள். அப்போதுதான் உள்ளே இருப்பது வெயில் மழையில் கெடாது. மற்றக் குழிகளை மூடி முடித்துவிட்டார்கள், இந்த ஒன்றுக்கு மட்டும் ஆள் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தார்கள். எத்தனை நாள்தான் காத்திருப்பது, ஆளோடு சேர்த்து மூடினாலும் அவன் கெடமாட்டான் போலிருக்கிறதே என்று கூட ஒருத்தன் கேலி பேசினான்.

அந்தக் கேலி பூங்காவனத்தின் காதில் விழுந்தது. அவள் போய்க் குழியின் விளிம்பில் நின்று பார்த்தாள். புருஷனின் தோளில் மண் படிந்திருந்தது. காற்று அடித்தும் அது உதிரவில்லை. அவன் சாப்பிட்டுப் பல நாள் ஆகியும் இளைக்கவில்லை, தாடி கூட வளரவில்லை. ஊருக்கு அது பக்தியாகத் தெரிந்தது. அது என்னவென்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். டீச்சரம்மா அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனதையும், வேறொருத்தியைத் தேடிப் போனதையும், போகும்போது பூங்காவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டதையும் நினைத்து நினைத்து அவனுக்குள்ளேயும் அதே வயிற்றெரிச்சல் வேர் பிடித்துவிட்டது.

அவள் வீட்டுக்கு ஓடினாள். கையில் அகப்பட்ட வெங்காயத்தையெல்லாம் அரிந்து, பூண்டை உரிக்கக்கூட நேரமில்லாமல் தோலோடு தட்டிப் போட்டு, காரக்குழம்பு வைத்தாள். மனுஷன் சாப்பிடுகிற குழம்பு. தூக்குவாளியோடும் ஒரு சொம்புத் தண்ணீரோடும் மண்படியில் இறங்கினாள். பிள்ளைகள் உட்கார்கிற இடத்தில், அவனுக்கு எதிரே, கூகைப்பாறையை மறைக்கிற மாதிரி உட்கார்ந்தாள். அவன் அவளைத் தாண்டிப் பாறையைப் பார்க்க முயன்றான். அவள் நகர்ந்து நகர்ந்து மறைத்தாள்.

"நாந்தான் இட்டுக்கினு போனேன்" என்றாள். "அவ வயிறு எரியணும்னுதான் இட்டுக்கினு போனேன். அது வேற மாதிரி ஆயிப்போச்சி."

அவன் மறுபடியும் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

அவள் அவன் காலை இழுத்து நீட்டி, சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றி, கையால் மண்ணைத் தேய்த்தாள். முதலில் மண் போகவில்லை. தேய்த்துக்கொண்டே, கிணற்றடியில் கேட்கிற அதே குரலில், "இன்னிக்கி இன்னா வந்துச்சி?" என்று கேட்டாள்.

தணிகாசலம் அவளைப் பார்த்தான். வெகுநாள் கழித்துப் பார்த்தான்.

"ஒண்ணும் வரல" என்றான். குரல் மண் அடைத்த மாதிரி இருந்தது.

"பொய் சொல்லாத. நாலு மாசமா வந்துச்சே. ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டுந்தான் தெரியாது. முதல்ல இருந்து சொல்லு. அவ முதமுதல்ல சொல்லிக் குடுத்தது இன்னா?"

 அவன் கையை நீட்டித் தளத்தில் கிடந்த மணலைப் பரப்பினான், விரலால் ஒரு சுழி போட்டான், கண்ணை மூடி, டீச்சரம்மாவைப் போலவே தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு, பாடம் சொல்லுவதற்கு வாயைத் திறந்தான்.

"கழுத்த நேரா வெச்சிக்கினு சொல்லுய்யா" என்றாள் பூங்காவனம்.

அவன் கழுத்தை நிமிர்த்தினான். தோளில் இருந்த மண் உதிர்ந்து குழம்பில் விழுந்தது.